அரசியல் கலவர வழக்கு ஒன்றை முதல் தகவல் அறிக்கை முதல் முன்விடுதலை வரை பின்தொடர்வது எப்படி?

தலைவர் ஒருவர் கைதாகிறார் அல்லது தண்டிக்கப்படுகிறார் என்றால், அன்று மாலைக்குள் கடைகள் அடைக்கப்படுவதும் பேருந்துகளின் கண்ணாடிகள் நொறுக்கப்படுவதும் நம் ஊரில் பழகிப்போன காட்சிகள். மறுநாள் செய்தித்தாளில் "நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிவு" என்று ஒரு வரி வரும். பெரும்பாலும் அதோடு செய்தி நின்றுவிடும். வழக்கு அதன்பிறகு பத்தாண்டுகள், சில சமயம் இருபதாண்டுகள் நடக்கும். நீதிமன்றச் செய்திக்குப் புதிதாக அனுப்பப்பட்ட நிருபரும், சட்டக் கல்லூரி மாணவரும், பாதிக்கப்பட்ட குடும்பத்தினரும் அந்த நீண்ட பாதையில் எந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு வழக்குகளை உடன் வைத்துக்கொண்டு செல்வோம். முதலாவது, பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட 2000 பிப்ரவரி 2 அன்று, தர்மபுரி அருகே இலக்கியம்பட்டியில் அ.தி.மு.க.வினர் நடத்திய மறியலின்போது கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்து எரிக்கப்பட்டு, மூன்று மாணவிகள் உயிரிழந்த வழக்கு. இரண்டாவது, கருணாநிதியின் அரசியல் வாரிசு குறித்த கருத்துக்கணிப்பு வெளியானதை அடுத்து, 2007 மே 9 அன்று மு.க. அழகிரியின் ஆதரவாளர்களால் மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு, ஊழியர்கள் மூவர் இறந்த வழக்கு. இரண்டு பெரிய கட்சிகளின் பெயரும் இதில் வந்துவிடுவதால் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுச் சட்டத்தை மட்டும் பார்க்கலாம்.

எந்தக் கட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கூட்டத்தில் இருந்தவர்களில் யார் எதைச் செய்தார், அதை யார் சொல்கிறார்?

முதலில் முதல் தகவல் அறிக்கையை வாங்குங்கள்

காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த வழக்கையும் தேட முடியாது. எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதைக் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற நுட்பமான வழக்குகளுக்கு இதில் விலக்கு உண்டு.

கையில் கிடைத்ததும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சம்பவம் நடந்த நேரம், எஃப்.ஐ.ஆர். பதிவான நேரம், புகார் கொடுத்தவர் யார், எத்தனை பேர் பெயரோடு குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள் என்பவை. "மற்றும் பெயர் தெரியாத பலர்" என்ற சொற்றொடர் ஏறக்குறைய எல்லாக் கலவர எஃப்.ஐ.ஆரிலும் இருக்கும். அந்த வரி இருக்கும்வரை யாரை வேண்டுமானாலும் பின்னால் சேர்க்க இடம் இருக்கிறது. அப்படிச் சேர்க்கப்பட்டவரை அடையாளம் காட்டியது யார், எப்போது என்பதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் கேட்பார். சம்பவத்துக்கும் பதிவுக்கும் இடையே சில மணி நேரம் இருந்தால், அந்த இடைவெளிதான் குறுக்கு விசாரணையின் முதல் பொருளாக இருக்கும்.

ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே கூட்டத்தின் செயலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எஃப்.ஐ.ஆர்.கள் பதிவாவதும் சாதாரணம். ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர். செல்லாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் எது ஒரே சம்பவம்? தர்மபுரியில் மறியலுக்கு ஒரு புகாரும் பேருந்து எரிப்புக்கு ஒரு புகாரும் தனித்தனியாகப் பதிவாகிப் பின்னர் சேர்த்து விசாரிக்கப்பட்டன. முதல் புகாரில் சொல்லப்பட்ட செயலின் விளைவாகவே இரண்டாவது குற்றம் நடந்திருந்தால் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறியது; இன்றும் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

பிரிவுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்த சம்பவம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் பொருந்தும். அந்த நாள் முதல் நடந்தவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். வழக்கு எப்போது விசாரணைக்கு வந்தது என்பது இதற்குப் பொருட்டல்ல, குற்றம் நடந்த தேதிதான் கணக்கு. ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு எண் வரிசைகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கும்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டம் தடுக்கும் நோக்கம் ஒன்றுடன் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம் (பழைய பிரிவு 143, புதிய 189). அந்தக் கூட்டம் வன்முறையில் இறங்கினால் கலகம் (பழைய 147, புதிய 191). இதற்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை; கொடிய ஆயுதத்தோடு வந்தவருக்குப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டாக இருந்தது புதிய சட்டத்தில் ஐந்தாக உயர்ந்திருக்கிறது. இவற்றோடு அரசு ஊழியரைத் தாக்கியது, தீ வைத்தது, கொலை முயற்சி, கொலை என்று செயலுக்கு ஏற்பப் பிரிவுகள் சேரும். தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டின் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் ஏறக்குறைய எப்போதும் உடன் வரும். பேருந்துக் கண்ணாடி உடைந்தாலே இந்தச் சட்டத்தைப் போட்டுவிடுவது நம் காவல் நிலையங்களின் வழக்கம்.

இவை அனைத்தையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது பழைய 149, புதிய 190. கூட்டத்தின் பொது நோக்கத்தை நிறைவேற்ற அதில் ஒருவர் செய்த குற்றத்துக்கு, அந்நேரம் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் பொறுப்பு என்கிறது இந்தப் பிரிவு. பெட்ரோல் ஊற்றியவருக்கும் பக்கத்தில் நின்று கோஷம் போட்டவருக்கும் ஒரே தண்டனை கிடைக்க வழி செய்வது இதுதான். அதனால்தான் எதிர்த்தரப்பின் வாதம் எப்போதும் இரண்டு திசைகளில் போகும்: "நான் வாதாடுபவர் அங்கே இல்லவே இல்லை" என்பது ஒன்று, "இருந்தார், ஆனால் மறியல்தான் அவருடைய நோக்கம், தீ வைப்பது அல்ல" என்பது மற்றொன்று. அனுபவத்தில் இரண்டாவது வாதமே வலுவானது. மறியலுக்கு வந்த கூட்டம் எந்த நிமிடத்தில் கொலைக் கூட்டமாக மாறியது என்பதைச் சாட்சியத்தின் வழியே பிரித்துக் காட்ட வேண்டிய சுமை அரசுத் தரப்பின் தலையில் விழுந்துவிடுகிறது.

இன்னொரு சிறு பிரிவையும் சொல்ல வேண்டும். தடை உத்தரவை மீறியதற்கான பழைய 188-ஐக் காவல்துறை கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடும். ஆனால் உத்தரவு பிறப்பித்த அதிகாரியோ அவருக்கு மேலானவரோ நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்தாலன்றி அந்தக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்க முடியாது. தர்மபுரி வழக்கில் அப்படிப் புகார் இல்லாததால் 188-இன் கீழ் வழங்கப்பட்ட தண்டனை உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

கைது, ரிமாண்ட், ஜாமீன்

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கைது கட்டாயமில்லை. ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுத்தால் போதும். கொலைப் பிரிவு இருந்தால் 90 நாட்களிலும் மற்றப் பல வழக்குகளில் 60 நாட்களிலும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லையெனில், கைதானவருக்கு ஜாமீன் பெறும் உரிமை தானாகப் பிறக்கிறது. பெரிய கலவர வழக்குகளில் இந்தக் கெடு தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சொத்துச் சேதம் உள்ள வழக்குகளில் சேத மதிப்பின் ஒரு பகுதியைக் கட்டினால்தான் ஜாமீன் என்று நீதிமன்றங்கள் நிபந்தனை விதிப்பதுண்டு. ஜாமீன் கிடைத்ததை "விடுதலை" என்று தலைப்பிட்டு எழுதிவிடாதீர்கள்.

குற்றப்பத்திரிகையில் தேட வேண்டியவை

எஃப்.ஐ.ஆரில் இருந்த பெயர்களில் எத்தனை குற்றப்பத்திரிகைக்கு வந்திருக்கின்றன, புதிதாக யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏ1, ஏ2 என்ற வரிசை பெரும்பாலும் காவல்துறை அவரவருக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தைக் காட்டும். சாட்சிப் பட்டியலில் நேரில் கண்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் காவலர்கள் எத்தனை பேர், பொதுமக்கள் எத்தனை பேர் என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். வீடியோப் பதிவுகள் இருந்தால், பதிவு எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிகூறும் மின்னணுச் சான்றிதழ் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அசல் கருவியே நீதிமன்றத்துக்கு வந்தாலன்றி அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. ஊரே கைபேசியில் பார்த்த காட்சி, ஒரு தாள் இல்லாத காரணத்தால் நீதிமன்றத்தில் பயன்படாமல் போகலாம்.

இந்தக் கட்டத்திலேயே வழக்கின் எண்ணும் மாறும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பி.ஆர்.சி. (முதல்நிலைப் பதிவு வழக்கு) எண்ணாக இருந்த கொலை வழக்கு, அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டதும் எஸ்.சி. (அமர்வு வழக்கு) எண்ணாகும். இ-கோர்ட்ஸ் இணையதளம் தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டால் அடுத்த வாய்தா எப்போது என்பதை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்சி மாறும்போது வழக்கு வாபஸ் ஆகிறதா என்று பாருங்கள்

தீர்ப்புக்கு முன் எந்த நேரத்திலும் அரசு வழக்கறிஞர், நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்கிலிருந்து விலகலாம். போராட்டக்காரர்கள் மீது போடப்பட்ட வழக்குகளைப் புதிய அரசு திரும்பப் பெறுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல; தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்ட வழக்குகளில் 2021-இல் அப்படி அறிவிக்கப்பட்டது. அமைதியாகக் கூடியவர்கள் மீது மொத்தமாகப் போட்ட வழக்கைத் திரும்பப் பெறுவதும், சொந்தக் கட்சிக்காரர் தீ வைத்த வழக்கைக் கைவிடுவதும் ஒரே பிரிவின் கீழ்தான் நடக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கேரளச் சட்டமன்றத்தில் 2015-இல் நடந்த ரகளை குறித்த வழக்கைக் கைவிட அம்மாநில அரசு கோரியபோது, 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அடுத்த மாதமே, எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளை உயர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் திரும்பப் பெறக்கூடாது என்றும் உத்தரவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் இந்த அனுமதியைக் கொடுக்க முடியாது என்பதைக் குடும்பத்தினர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

சாட்சிக் கூண்டுதான் வழக்கின் உயிர்

புதியவர்கள் பெரும்பாலும் தீர்ப்பு நாளுக்கு மட்டும் நீதிமன்றம் போகிறார்கள். கலவர வழக்கைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நேரில் கண்ட சாட்சிகள் விசாரிக்கப்படும் நாட்களில் போக வேண்டும். "சார், எனக்கு எதுவும் தெரியாது, போலீஸ் கையெழுத்து கேட்டாங்க, போட்டேன்" என்று சாட்சி சொல்லி முடித்ததும், அரசு வழக்கறிஞர் எழுந்து அவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கோரி, தானே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்பார். ஒரே ஊரில் ஒரே தெருவில் குற்றஞ்சாட்டப்பட்டவரோடு வாழ வேண்டிய சாட்சி, சம்பவம் நடந்து ஐந்தாண்டு கழித்து, கட்சிக்காரர்கள் வராந்தாவில் நிற்கும்போது என்ன சொல்வார் என்பதை அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் விளங்கும்.

தர்மபுரி வழக்கு முதலில் கிருஷ்ணகிரியில் விசாரிக்கப்பட்டபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். இறந்த மாணவி ஒருவரின் தந்தை சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2003-இல் உயர் நீதிமன்றம் வழக்கைச் சேலத்துக்கு மாற்றி, சிறப்பு அரசு வழக்கறிஞரைக் கொண்டு புதிதாக விசாரிக்கச் சொன்னது. அந்த மனு மட்டும் போடப்படாமல் இருந்திருந்தால் பின்னால் வந்த எந்தத் தீர்ப்பும் இல்லை. மதுரையில் விசாரணையை சி.பி.ஐ. நடத்தியும்கூட, 2009 டிசம்பரில் கீழ் நீதிமன்றம் 17 பேரையும் விடுவித்தது. புலனாய்வு அமைப்பின் பெயர் பெரிதாக இருப்பதால் மட்டும் சாட்சி தைரியமாகப் பேசிவிடுவதில்லை.

சாட்சி பிறழ்ந்தார் என்றவுடன் வழக்கு முடிந்தது என்று எழுதிவிடக் கூடாது. பிறழ் சாட்சியின் வாக்குமூலம் முழுவதும் அழிந்துபோவதில்லை. மற்றச் சாட்சியத்தோடு ஒத்துப்போகும் பகுதியை நீதிமன்றம் ஏற்கலாம். அதேபோல, பெருங்கூட்டம் ஈடுபட்ட வழக்கில் ஒருவரைத் தண்டிக்க, மாறுபாடில்லாமல் சொல்லும் இரண்டு மூன்று சாட்சிகளாவது அவரைக் குறிப்பிட வேண்டும் என்ற அளவுகோலை 1964-இல் மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆகவே ஒவ்வொரு குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயருக்கும் நேரே ஒரு கட்டம் போட்டு, அவரை எந்தச் சாட்சி குறிப்பிட்டார், என்ன செய்ததாகச் சொன்னார், குறுக்கு விசாரணையில் நின்றாரா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். இந்த ஒரு தாள் உங்களிடம் இருந்தால் யார் தண்டிக்கப்படுவார், யார் சந்தேகத்தின் பலனில் வெளியேறுவார் என்பதைத் தீர்ப்புக்கு முன்பே ஓரளவு கணிக்கலாம்.

மிரட்டலுக்கு உள்ளாகும் சாட்சிகளுக்கு, 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு என்பதே என் எண்ணம். தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லலாம்.

தண்டனை: குற்றவாளி என்பதும் எவ்வளவு என்பதும் வேறு

அமர்வு நீதிமன்றம் குற்றவாளி என்று அறிவித்த பிறகு, தண்டனையின் அளவு குறித்துக் குற்றவாளியைத் தனியாகக் கேட்க வேண்டும். வயது, குடும்ப நிலை, முன் குற்றம் உண்டா இல்லையா, சம்பவத்தில் அவருடைய பங்கு ஆகியவை இங்கேதான் எடைபோடப்படுகின்றன. மரண தண்டனை என்றால் நீதிபதி சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும். 1980-இன் பச்சன் சிங் தீர்ப்பு அதை அரிதினும் அரிதான வழக்குகளுக்கு மட்டும் என்று வரையறுத்தது.

சேலம் நீதிமன்றம் 2007 பிப்ரவரியில் 28 பேரைத் தண்டித்தது. பேருந்துக்குத் தீ வைத்ததாக நிரூபிக்கப்பட்ட மூவருக்கு மரண தண்டனை. மற்ற 25 பேரில் ஒவ்வொருவருக்கும் மொத்தம் ஏழு ஆண்டு மூன்று மாதம். ஒரே கூட்டம், ஒரே இடம், ஆனால் அவரவர் கை செய்த வேலைக்கு ஏற்பத் தண்டனை வேறு. அந்த ஏழு ஆண்டு மூன்று மாதம், பல பிரிவுகளின் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்பதால் வந்த கூட்டுத்தொகை. 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவற்றை ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்று மாற்றியதால் அது இரண்டு ஆண்டாகச் சுருங்கியது. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் வரும் "ஏககாலத்தில்" என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஆண்டுகளைக் கூட்டிச் செய்தி போட்டால் கணக்கு தவறிவிடும். ஏற்கெனவே ரிமாண்டில் (விசாரணைக் காலச் சிறைக் காவலில்) கழித்த நாட்களும் தண்டனையிலிருந்து கழியும்.

மேல்முறையீட்டில் எல்லாம் மாறலாம்

மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாலன்றி நிறைவேற்ற முடியாது. தர்மபுரி வழக்கில் 2007 டிசம்பரில் உயர் நீதிமன்றமும், 2010-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. அங்கே முடிந்துவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் மரண தண்டனை வழக்குகளின் மறுஆய்வு மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் விசாரிக்க வேண்டும் என்று 2014-இல் வந்த தீர்ப்பு கதவைத் திறந்தது. 2016 மார்ச் 11 அன்று மூவரின் தண்டனையும் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. திட்டமிட்டு அந்த மாணவிகளைக் கொல்ல வரவில்லை, கும்பல் வெறியில் நிதானம் இழந்து செய்தார்கள் என்பதே காரணம். இந்தக் காரணத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. உள்ளே மாணவிகள் இருக்கும்போது பெட்ரோல் ஊற்றியவரின் நிதானமிழப்பைக் கூட்டத்தின் மேல் ஏற்றுவது, கூட்டம் சேர்ப்பவர்களுக்கு வசதியான வாதமாகிவிடக்கூடும். ஆனால் தூக்குத் தண்டனை கூடாது என்பவர்கள் அதே தீர்ப்பை நியாயமாகவே வரவேற்றார்கள்.

மதுரை வழக்கு எதிர்த்திசையில் நகர்ந்தது. சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டையும் இறந்தவர் ஒருவரின் தாயார் போட்ட சீராய்வு மனுவையும் விசாரித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2019 மார்ச் 21 அன்று விடுதலையை ரத்து செய்து ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சம்பவம் நடந்து ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இரண்டு வழக்குகளிலும் பெற்றோர் ஒருவரின் மனு திருப்புமுனையாக இருந்ததைக் கவனியுங்கள். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே நேரடியாக மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 டிசம்பர் 31 முதல் சட்டத்தில் இருக்கிறது. மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு என்பதால், தீர்ப்பு வந்த வாரமே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள்.

கடைசியாக, சிறையின் வாசலைக் கவனியுங்கள்

ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி வாழ்நாள் முழுவதும்தான். மாநில அரசு குறைக்க நினைத்தாலும், மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் பெற்றவர் 14 ஆண்டு கழித்திருக்க வேண்டும் என்று நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அரசியலமைப்பின் 161-ஆவது பிரிவின் கீழ் அமைச்சரவையின் பரிந்துரையோடு ஆளுநர் பயன்படுத்தும் அதிகாரத்தை இந்த 14 ஆண்டு வரம்பு கட்டுப்படுத்தாது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய முன்விடுதலைத் திட்டத்தில் தர்மபுரி வழக்கின் மூவரும் சேர்க்கப்பட்டார்கள். ஆளுநர் முதலில் கோப்பைத் திருப்பியனுப்பி, பின்னர் ஒப்புக்கொண்ட நிலையில், 2018 நவம்பர் 19 அன்று வேலூர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள்.

முன்விடுதலைக்கான அரசாணைகள் பெரும்பாலும் தலைவர்களின் பிறந்தநாள், நூற்றாண்டு போன்ற தருணங்களை ஒட்டி வரும். அந்த அரசாணையில் எந்தெந்தப் பிரிவுகளில் தண்டனை பெற்றவர்களுக்கு விலக்கு, எத்தனை ஆண்டு சிறைவாசம் தேவை, எந்தத் தேதியைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்ற மூன்றையும் படித்து, நீங்கள் பின்தொடரும் வழக்கின் கைதிகள் அதற்குள் வருகிறார்களா என்று பாருங்கள். பெயர்ப் பட்டியல் வெளியாகவில்லையென்றால், உள்துறைக்கும் சிறைத்துறைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனித்தனியாக மனு அனுப்புங்கள். சிறை ஆலோசனைக் குழுவின் பரிந்துரையையும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் குறிப்பிட்டுக் கேளுங்கள், பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.